மணமக்கள் பெயருக்குக் கீழே

விழுப்புரம்
3 பிப்ரவரி 2025

ஜெர்லின்,

உன் எண்ணை நேற்று பிளாக் செய்துவிட்டேன். போனில் பேசினால் நீ சிரிக்கவைத்துவிடுவாய். சிரித்துவிட்டால் கோபம் போய்விடும். இந்தக் கோபம் கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும்.

ஆகவே கடிதம். இந்த அலுவலகத்திலிருந்து உன் புத்தக விற்பனை நிலையத்துக்கு வரும் தபால் பையில், சுற்றறிக்கைகளுக்கு நடுவே வைக்கிறேன். அரசுப் பையில் சொந்தக் கடிதம் வைக்கக் கூடாது. தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதி என் அப்பா.

நேற்று திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை திருமுருகன், பெண் பிரபாவதி. பெண் வீட்டார் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர்கள். அப்பா வருஷா வருஷம் அவர்களிடம்தான் கடலை மூட்டை போடுகிறார். வல்லத்திலிருந்து மூன்று பஸ் மாறிப் போயிருக்கிறார். சாப்பிட்டார். வாசலில் தாம்பூலப் பை கொடுத்தார்கள். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு புத்தகம்.

‘ஏரிக்குள் யார் யார்’. நான் எழுதியது.

அப்பா முதலில் சந்தோஷப்பட்டார். பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டப்போனார். அட்டையின் கீழே என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தங்க நிற ஸ்டிக்கர். ‘அன்புடன், திருமுருகன் – பிரபாவதி.’

நேராக மேடைக்குப் போய்விட்டார். வீடியோ விளக்குக்கு முன்னால் நின்று, “இது எம் பொண்ணு எழுதின பொஸ்தகம். இன்னாத்துக்கு உங்க பேரப் போட்டுக்கினு தர்றீங்க?” என்று கேட்டிருக்கிறார். இசைக் கச்சேரி சத்தம். யாருக்கும் புரியவில்லை. மாப்பிள்ளையின் மாமா வந்து தோளில் கை போட்டு, “பெரியவரே, ஒரு பை பத்தலன்னா சொல்லுங்க, இன்னொண்ணு தர்றோம். அதுக்கு இன்னாத்துக்குப் பேஜாரு” என்று சொல்லி, இரண்டாவது பையைக் கையில் திணித்து வெளியே அனுப்பிவிட்டார்.

இரண்டாவது பையிலும் அதே புத்தகம். அதே ஸ்டிக்கர்.

அப்பா என் அறைக்கு வந்தார். இரண்டு தேங்காயையும் மேசை மேல் வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

நீ போனில் “கல்யாண வீட்டுக்கு முந்நூறு வித்துட்டேன்டி” என்று கத்தியபோது நானும் சந்தோஷத்தில் கத்தினேன். ஸ்டிக்கர் பற்றி நீ சொல்லவில்லை.

புத்தகக் கிடங்கின் சாவி என்னிடம் இருக்கிறது. இனி திண்டிவனத்துக்கு ஒரு பிரதி வராது.

புனிதா

*

திண்டிவனம்
5 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய நூலாசிரியர் அவர்களுக்கு,

திட்டு. எனக்குத் தேவைதான். அப்பாவிடம் நான் நேரில் போய்ப் பேசுகிறேன். அந்த மாமா யார் என்று தெரியும். அவரையும் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்டிக்கர் கதை இதுதான். பிரபாவதியின் அப்பா இந்த நிலையத்துக்கு வந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே நீர்ப்பறவை நாமக்கோழியின் படம். நடுவில் தலைப்பு. “கோழி மூஞ்சி மேல ஒட்டிடாதீங்க சார், பாவம்” என்று சொன்னது நான்தான். “அப்ப கீழ வெள்ளையாத்தானே கீது, அங்க ஒட்டிக்கிறோம்” என்றார். அங்கே உன் பெயர் இருந்தது. சத்தியமாக என் கண்ணில் படவில்லை, புனி. நாமக்கோழியைக் காப்பாற்றினேன். உன்னைக் காப்பாற்றவில்லை.

இப்போது நீ கேள்.

இந்த நிலையத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பார். உள்ளே வருகிறவர்கள் ஜெராக்ஸ் கடை எங்கே என்று கேட்கிறார்கள். ‘வனவுயிர்க் கல்வி வெளியீடுகள்’ என்று பலகை வைத்திருக்கிறோம். போன வாரம் ஒருவர் வந்து, “இங்க கிளி லைசென்ஸ் தர்றாங்களா?” என்றார். புத்தகம் வாங்க யாரும் இந்தப் படி ஏறுவதில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் பைக்குள் ஏறித்தான் போக வேண்டும். தேங்காய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகட்டுமே. என்ன குறைந்துவிட்டது?

நம் பிரிவின் விதி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலை போட்ட புத்தகம் விற்றால்தான் விலையில்லாதது அச்சாகும். உன் புத்தகம் தீர்ந்தால் பாம்புப் படம் அச்சாகும். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் மாட்ட. எது நஞ்சுள்ளது, எது இல்லாதது, கடித்தால் என்ன செய்வது. மார்ச் கடைசிக்குள் விற்ற பணம் மட்டுமே கணக்கில் வரும். மிச்சமெல்லாம் அடுத்த வருஷப் பேச்சு. அடுத்த வருஷம் இந்தத் திட்டமே இருக்குமோ என்னவோ.

சித்திரையில் மல்லாட்டை பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். குனிந்து, வெறுங்கையால், செடிக்குள் விரலை விட்டு. இதை எழுதியது நானா? நீ. திட்ட அறிக்கையின் முதல் பத்தி.

எங்கள் தேவாலயப் பங்கில் ஞானராஜ் அண்ணன் மகள் லூசியாவுக்கு 26ஆம் தேதி கல்யாணம். தவக்காலம் வருவதற்குள் முடிக்கிறார்கள். அறுநூறு பிரதி கேட்கிறார். கிடங்கில் இருப்பதே அவ்வளவுதான். ஒரே கல்யாணம். படம் அச்சுக்குப் போய்விடும்.

சாவியைக் கொடு தாயே.

ஜெர்லின்

*

விழுப்புரம்
8 பிப்ரவரி 2025

ஜெர்லின்,

தர முடியாது.

உனக்கு இது சின்ன விஷயம். எனக்கும் சின்ன விஷயமாக இருந்தால் நன்றாக இருக்கும். இருக்கவில்லை.

ஒப்பந்தப் பணியாளர் பெயர் அட்டையில் வராது என்றார்கள். ‘தொகுப்பு: பிரிவு அலுவலர்கள்’ என்று போடுவது வழக்கம் என்றார்கள். நான் மனு எழுதினேன். திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். உயர் அதிகாரி என்னைப் பார்த்து, “பேர வச்சு என்னம்மா பண்ணப்போற?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என்ன பண்ணுவேன் என்று இப்போதும் தெரியாது. வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

கடைசியில் அனுமதித்தார்கள். மிகச் சிறிய எழுத்தில். வெள்ளையின் ஓரத்தில். உன் கண்ணில் படாத அளவில்.

முதல் பிரதியை அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். மல்லாட்டைக் காட்டில் நின்று அந்த மூன்று எழுத்தையும் விரல் வைத்து வாசித்தார். பு. னி. தா. பிறகு அதே விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அட்டையில் மண் பட்டுவிட்டதோ என்று.

பாம்புப் படம் வேண்டும். உன்னைவிட எனக்கு அதிகம் வேண்டும். படத்தின் வாசகத்தை ஆறு மாதமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வரி அமையவில்லை. அதுவும் சேர்ந்து எரிச்சல்.

ஒரு வழி சொல்கிறேன். ஸ்டிக்கரைப் பின் அட்டையில் ஒட்டட்டும். ஞானராஜ் ஒப்புக்கொண்டால் அன்றே அறுநூறும் அனுப்புகிறேன். இல்லையென்றால் இல்லை.

புனிதா

*

திண்டிவனம்
17 பிப்ரவரி 2025

புனி,

ஞானராஜ் அண்ணனிடம் கேட்டேன். “பின்னாடி ஒட்டுனா எவன் பாக்கப்போறான்? எம் மக கல்யாணத்துக்கு எம் மக பேரு முதுகுலயா?” என்றார். பிறகு என் அம்மா பாக்கியமேரியைக் கூப்பிட்டு என்னைப் பற்றிப் புகார். அம்மா வீட்டில், “உனக்கு இன்னாத்துக்குடி அடுத்தவங்க கல்யாணத்துல கட்டப் பஞ்சாயத்து?” என்கிறாள். ஆக, நான் இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கினு இருக்கிறேன். அது போகட்டும்.

இன்னொன்று நடந்தது. உன்னிடம் சொல்லாமல் இருக்கலாம். சொன்னால் உன் கோபம் கூடும் என்றும் தெரியும். ஆனால் நீ கேட்க வேண்டியது.

மேல்சித்தாமூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. சவுரிராயன் என்று ஒரு ஆசிரியர். அந்தக் கல்யாணத்துக்குப் போய்ப் பை வாங்கியிருக்கிறார். அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து புத்தகம் எழுதிக் கல்யாணத்தில் வெளியிட்டிருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார். பள்ளிக்கு வந்து பிள்ளைகளிடம் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவர் மட்டுமா? திருமுருகனை இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள் பாம்பு பிடிக்கக் கூப்பிடுகிறார்களாம். “மாடிப்படிக்குக் கீழ ஒண்ணு கீது, ஜல்தியா வாங்க சார்” என்று. அவர் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார் பாவம். பல்லியைக் கண்டாலே வெளியே ஓடுகிற ஆள் என்று பிரபாவதி சொன்னாள்.

திருமுருகன் வரவில்லை என்றுவிட்டார். பிரபாவதிக்கு மறுக்க மனமில்லை. மறுவீட்டுக்குப் போன இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்திருக்கிறாள். பிறகு என்னிடம் வந்து, “நீங்கதானே வித்தீங்க. நீங்களும் கூட வாங்க” என்றாள். போனேன்.

நன்றாகப் பேசினாள், புனி. முதலில் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். பிறகு நாமக்கோழி நீந்துவது பற்றிச் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பெண் எழுந்து, “மிஸ், பாம்பு கடிச்சா இன்னா பண்ணணும்?” என்று கேட்டாள்.

பிரபாவதி உன் புத்தகத்தைத் திறந்தாள். அறுபத்திரண்டாம் பக்கம். ‘கடிபட்ட இடத்துக்கு மேல் இறுகக் கட்டுவதையும், கீறிக் குருதி வெளியேற்ற முனைவதையும், பதற்றத்தில் ஓடுவதையும் தவிர்த்து, காலந்தாழ்த்தாது மருத்துவமனையை அடைதல் நலம்.’ வாசித்தாள். பிள்ளைகள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

“கட்டாத. கீறாத. ஓடாத. வண்டியப் புடி.”

அவ்வளவுதான். பிள்ளைகள் திரும்பச் சொன்னார்கள். மணி அடித்து வெளியே போகும்போதும் சொன்னார்கள். கிளித்தட்டு ஆடிக்கொண்டே சொன்னார்கள். நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது மதில் சுவருக்கு உள்ளேயிருந்து கேட்டது.

கிளம்புவதற்கு முன் பிரபாவதி பிள்ளைகளிடம், “இத நான் எழுதல. எழுதினவங்க பேரு எங்க பேருக்குக் கீழ கீது” என்று சொல்லி ஸ்டிக்கரைப் பிரித்தாள். நல்ல பசை. ஸ்டிக்கரோடு அட்டைத் தாளும் உரிந்து வந்துவிட்டது. உன் பெயர் ஸ்டிக்கரின் முதுகில் போய்விட்டது. அவள் அழுகிற மாதிரி நின்றாள். நான்தான் உன் பெயரைச் சொன்னேன். கரும்பலகையில் எழுதினார்கள்.

இதையெல்லாம் உன் மனதைக் கரைக்க எழுதவில்லை. கரைந்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

ஜெர்லின்

*

விழுப்புரம்
19 பிப்ரவரி 2025

ஜெர்லின்,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உரிந்த அட்டையை நினைத்து ஒரு முறை. அந்த நான்கு சொற்றொடருக்காக ஒரு முறை.

அறுபத்திரண்டாம் பக்கத்தை எடுத்து உரக்க வாசித்துப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. மூச்சு வாங்கியது. பாம்பு கடித்தவன் அந்த வாக்கியத்தின் பயனிலையை அடைவதற்குள் செத்துப்போவான்.

சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு பிழை இல்லை. மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டது. அதைச் சொல்லிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

படத்தின் தலைப்பு எனக்குக் கிடைத்துவிட்டது. பிரபாவதியிடம் கேள். அவள் சொன்னதை அப்படியே போட அனுமதி வேண்டும். ‘புடி’யையும் மாற்ற மாட்டேன். இங்கே ஆட்சேபம் வரும். வரட்டும். மனு எழுத எனக்கு நன்றாக வரும்.

வேடிக்கை ஒன்று. இலவச வெளியீட்டில் யார் பெயரும் வராது. துறையின் முத்திரை மட்டும். அவள் பெயரும் இல்லை. என்னுடையதும் இல்லை. படிவத்தில் அந்த வரியை வாசித்தேன். எதுவும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாளை காலை வண்டியில் அறுநூறும் வரும். ஞானராஜ் எங்கே வேண்டுமானாலும் ஒட்டட்டும்.

அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

புனிதா

*

திண்டிவனம்
1 மார்ச் 2025

புனி,

முடிந்தது. லூசியா கழுத்தில் தாலி, கிடங்கில் காற்று. ஒரு பிரதி மிச்சமில்லை. பாதிரியாருக்கே பை கிடைக்கவில்லை என்று அம்மா புலம்பிக்கொண்டிருக்கிறாள். பணம் கட்டிய ரசீதும் அச்சக ஆணையின் நகலும் இந்தப் பையிலேயே, முறையான உறையில். இந்தக் கடிதம்தான் முறைகேடு.

நீ எங்கே வேண்டுமானாலும் ஒட்டட்டும் என்று எழுதினாய். வாசித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீ அப்படியெல்லாம் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. ஹாஸ்டலில் என் வாளியை ஒரு நாள் எடுத்ததற்கு நீ போட்ட சண்டை எனக்கு மறக்கவில்லை. அதனால் ஸ்டிக்கர் கடைக்கு நானே போனேன். அளவைக் குறைத்து வெட்டச் சொன்னேன். பாதி உயரம். தலைப்புக்குக் கீழே, உன் பெயருக்கு மேலே, சரியாக உட்காரும்.

ஞானராஜ் அண்ணன் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, தீப்பெட்டி லேபிள் மாதிரி கீது” என்று குதித்தார். நான் அமைதியாக, “அண்ணே, எழுதினவங்க பேரு தெரியலன்னா ஜனங்க உங்க மருமவன்தான் எழுதினாருன்னு நினைச்சிப்பாங்க. அப்புறம் ஊர்ல எங்க பாம்பு வந்தாலும் அவரத்தான் கூப்பிடுவாங்க. அங்க டைல்ஸ் கடைக்காரர் படற பாட்டப் பாத்தீங்களா?” என்றேன்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “அந்தப் பேர இன்னும் பெருசாப் போட முடியாதா?” என்று கேட்டார்.

அறுநூறும் நானும் என் தம்பி ஜெனித்தும் உட்கார்ந்து ஒட்டினோம். ஒவ்வொன்றிலும் உன் பெயர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. ஜெனித், “யக்கா, இவங்க இன்னா முதலமைச்சரா?” என்று கேட்டான். தலையில் ஒன்று கொடுத்தேன்.

படத்தில் போடப் பிரபாவதி சரி என்றுவிட்டாள். “நான் சும்மா வாய்ல வந்தத சொன்னேன்” என்கிறாள். வெட்கம். ஆனால் அன்று மாலை நிலையத்துக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். “நாலு வார்த்தையும் அப்படியே வருதான்னு கேட்டுச் சொல்லுங்க” என்றாள். மாமியார் கேட்க வேண்டுமல்லவா.

பிளாக்கை எடு.

ஜெர்லின்

*

விழுப்புரம்
12 மே 2025

ஜெர்லின்,

உன் எண்ணைத் திறந்து இரண்டு மாதம் ஆகிறது. தினமும் பேசுகிறோம். இருந்தும் இதைப் போனில் சொல்ல வரவில்லை.

வல்லத்தில் எங்கள் காட்டில் போன வாரம் மல்லாட்டை பிடுங்கினார்கள். கூலிக்கு வந்த கிருஷ்ணவேணி அக்காவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. புறங்காலில். ஆபத்து நீங்கிவிட்டது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா சொன்னது இது. பக்கத்தில் இருந்த பெண் உடனே முந்தானையைக் கிழித்துக் கட்டக் குனிந்திருக்கிறாள். இன்னொருத்தி அரிவாளை எடுத்துவிட்டாள். கடிபட்ட கிருஷ்ணவேணி அக்காதான் வரப்பில் உட்கார்ந்தபடி இருவரையும் அதட்டியிருக்கிறாள். “கட்டாதடி! அருவாளக் கீழப் போடு! கட்டாத, கீறாத, ஓடாத. வண்டியப் புடி!” அப்பா வண்டியை எடுத்தார். நடுவில் அவளை உட்காரவைத்து, பின்னால் ஒருத்தி பிடித்துக்கொள்ள, செஞ்சி ஆஸ்பத்திரி. அங்கே ஊசி. பிறகு முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரி. நேரத்துக்கு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். அப்பாவும் வந்தார். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நீ ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ குந்திக்கினு இருக்கிற பொண்ணு. பாம்பு கடிச்சா இன்னா பண்ணணும்னு ஒனக்குத் தெரியுமா?” என்றாள்.

நான், “சொல்லுங்கக்கா” என்றேன்.

“ரேஷன் கடையாண்ட படம் ஒட்டிக்கிறான் பாரு, கெவருமெண்டுக்காரன். பாமாயிலுக்கு நிக்கிறப்பல்லாம் அதான் பாத்துக்கினு நிப்பேன். எம் பேத்திதான் படிச்சுச் சொல்லிச்சு. யாரோ வெவரமான ஆளு எழுதிக்கிறான். நம்மாண்ட பேசுற மாதிரியே எழுதிக்கிறான்.”

அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார்.

எனக்குத் தெரியும், அடுத்து என்ன வரும் என்று. மண்டபத்தில் வீடியோ விளக்குக்கு முன்னால் நின்ற மனிதர். படம் ஒட்டிய நாளிலிருந்து ரேஷன் கடைப் பக்கம் தேவையில்லாமல் நடக்கிற மனிதர். படத்தில் பெயர் இல்லாதது ஏன் என்று நான் விளக்கியபோது தலையாட்டிவிட்டு, மறுநாள் மறுபடி கேட்டவர். அவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. உண்மையில் எனக்கே தெரியவில்லை, ஜெர்லின், எது வேண்டும் என்று.

அப்பா கிருஷ்ணவேணி அக்கா பக்கம் திரும்பினார்.

“அப்படியா? இன்னா எழுதிக்கிறான்?” என்றார்.

அவள் சொன்னாள். தலைப்பை மட்டுமல்ல, முழுவதையும். எந்தப் பாம்புக்குத் தலை எப்படி, எதன் முதுகில் என்ன கோலம், கடிபட்ட காலை எப்படி ஆட்டாமல் வைப்பது, ஆஸ்பத்திரியில் என்ன கேட்பார்கள். நடுவில் இரண்டு இடத்தில் என் வரிசையை மாற்றினாள். அவள் வரிசை சரி. அப்பா முழங்காலில் கையை ஊன்றி, கழுத்தை நீட்டி, ஒவ்வொன்றுக்கும் “சரி”, “சரி” என்றுகொண்டிருந்தார். யாரோ ஒரு விவரமான ஆளைப் பற்றி முதல் முறை கேட்பவரைப் போல.

அவள் முடித்தாள். தண்ணீர் குடித்தாள்.

“இன்னொரு தபா சொல்லு” என்றார் அப்பா.

புனிதா